நிழலும் பொருளும்: லூயிஸ் நெவல்சனின் சுவர்ச் சிற்பங்கள்

ஓவியன் தீட்டும் நிழல் அவனுக்கே உரியது. கதிரவன் எத்திசையிற் சென்றாலும் அந்நிழல் இடம் பெயராது. ஜார்ஜோ டி கிரிகோ 1910-களில் தீட்டிய ஆளரவமற்ற நகரச் சதுக்கங்களில் வளைவு மண்டபங்களின் நிழல் நீண்டு கிடக்கின்றது. ஓவியம் தொங்கும் அறையில் விளக்கை அணைத்து ஏற்றினும் அதன் நீளம் குறைவதும் இல்லை, கூடுவதும் இல்லை. சிற்பியின் நிலை வேறு. கல்லையும் மரத்தையும் அவன் செதுக்குகின்றான். அவற்றின் நிழலையோ அவன் அறியாத ஒரு விளக்கு, அவன் அறியாத ஒரு காலத்தில் செதுக்குகின்றது. ஆகவே சிற்பத்தின்மேல் விழும் நிழல் சிற்பத்தின் உறுப்பா, அன்றிப் புறத்திருந்து வந்து ஒட்டிய ஒன்றா என்னும் வினா எழுகின்றது. மனித உருவையோ விலங்குருவையோ காட்டும் சிற்பங்களில் இவ்வினாவிற்கு அத்துணை இடமில்லை. முகத்தின் உருவம் தெளிவாக இருக்கும்போது அதன்மேல் விழும் நிழலைப் பார்ப்பவர் உள்ளம் தானே கழித்துவிடுகின்றது. காணும் பொருளொன்றன் சாயலைக் காட்டாமல், வடிவும் இடமும் ஒளியும் தம்முள் இயையும் இயைபினையே பொருளாகக் கொண்ட அருவச் சிற்பத்திலேதான் இவ்வினா தவிர்க்க முடியாததாகின்றது. அங்கே கழிப்பதற்கென ஒன்றும் இல்லை.

இவ்வினாவிற்குத் தம் வாழ்நாள் முழுவதையும் விடையாகத் தந்தவர் லூயிஸ் நெவல்சன் அம்மையார் (1899–1988). தம்மை நிழலின் கட்டடக் கலைஞர் என அவர் கூறிக்கொண்டதைப் பலரும் எடுத்துக் காட்டுவர். அத்தொடர் அணிநயம் கருதிச் சொல்லப்பட்டதாகவே பெரும்பாலும் கொள்ளப்பட்டு வருகின்றது. அதனை உள்ளவாறே பொருள்கொண்டு, அவர்தம் சிற்பங்களுள் எவற்றிற்கு அது பொருந்தும், எவற்றிற்குப் பொருந்தாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிழலை வைத்துச் சிற்பம் செய்தவர் அவருக்கு முன்னரும் உளர். லாஸ்லோ மொஹோலி-நாட் 1922 முதல் 1930 வரை எண்ணி உருவாக்கிய ஒளி-வெளிப் பொறி அவற்றுள் தலைசிறந்தது. துளையிட்ட உலோகத் தகடுகளும் கண்ணாடியும் மின்விசையாற் சுழல, அவற்றின் நிழல் நாற்புறச் சுவர்களிலும் ஓடித் திரியும். அங்கே பொறி வேறு, நிழல் வேறு. பொறி காரணம், நிழல் காரியம். நெவல்சனிடத்தில் இவ்விரண்டனையும் பிரித்துக் காண இயலாது. அவருடைய நிழல் வெளியே சென்று விழுவதில்லை. பொருளுக்குள்ளேயே தங்கி, பொருளோடு ஒத்த மதிப்புடையதாய் நிற்கின்றது. மரத்துண்டு எங்கே முடிந்தது, இருள் எங்கே தொடங்கியது என்பதைக் கண் எளிதில் அறுதியிட முடியாத ஒரு நிலையினை அவர் உண்டாக்கினார். அதனை எவ்வாறு உண்டாக்கினார் என்பதை அறிய அவர் வாழ்ந்த தெருவிற்குச் செல்லுதல் வேண்டும்.

அவர் பிறந்தது இன்றைய உக்ரைன் நாட்டில். யூதக் குடும்பம். 1905-இல் அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்து ராக்லந்து என்னும் கடற்கரை ஊரிற் குடியேறினர். தந்தை அங்கே மரவாணிகமும் செய்தார். 1920-இல் மணம் முடித்து நியூயார்க்கிற்கு வந்த நெவல்சன், பின்னர் 1931-இல் மியூனிக் சென்று ஹான்ஸ் ஹாஃப்மனிடம் சில காலம் பயின்றார். தந்தையின் மரக்கிடங்கே மகளின் கலைக்கு ஊற்று என்று கூறுவார் பலர். இவ்விளக்கம் எளிதாக இருத்தலால் பரவியது போலும். மரவாணிகர் மக்கள் பலர், மரச்சிற்பிகள் சிலரே. அன்றியும், தந்தையின் கிடங்கில் இருந்தது புதுமரம். மகள் எடுத்தாண்டதோ பெரிதும் பழமரம். வீட்டிலிருந்து பெயர்த்தெடுத்த மரத்திற்கும் வீடாகப் போகும் மரத்திற்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று.

அப்பழமரம் வந்த வழி நன்கு அறியப்பட்டதே. மன்ஹாட்டனில் கிழக்கு 30-ஆம் தெருவில் அவருக்கு ஒரு வீடு இருந்தது. கிப்ஸ் பே எனப்படும் அப்பகுதி முழுவதையும் இடித்துப் புதிய குடியிருப்பு எழுப்புவதென 1950-களின் நடுவே முடிவாயிற்று. அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராக வெளியேற்றப்பட்டனர். அவர்கள் விட்டுச் சென்றவையும், இடிப்பில் உதிர்ந்தவையும் தெருவோரத்திற் குவிந்தன: கடைசல் பிடித்த மாடிப்படிக் கம்பங்கள், நாற்காலிக் கால்கள், கதவுச் சட்டங்கள், கட்டில் முகப்புகள், கூரையோரப் பூவேலைப் பலகைகள். நெவல்சன் அவற்றைத் திரட்டினார். அவ்வீட்டை விட்டு நீங்கி ஸ்பிரிங் தெருவிற்கு அவரே குடிபெயர்ந்தது 1950-களின் இறுதியில். இன்று நாம் வியந்து நோக்கும் பெருஞ்சுவர்கள் பிறந்த காலம் இவ்விடைப்பட்ட சில ஆண்டுகளே. தம் வீடு இடிபடப் போவதை அறிந்த ஒருவர், இடிந்த வீடுகளின் துண்டுகளைக் கொண்டு கட்டிய சுவர்கள் அவை.

இச்சுவர்களுள் முதன்மையானது ‘வானப் பேராலயம்’ எனப் பொருள்படும் பெயருடையது. 1958-இல் ஆக்கப்பட்டு, நியூயார்க் நவீனக் கலைக் காட்சியகத்திற் பேணப்படுவது. இப்பெயருடைய வேறு சிலவும் உள. உயரம் பதினோரடிக்குச் சற்று மிகும். அகலம் ஏறத்தாழப் பத்தடி. ஆழம் ஒன்றரை அடியே. இவ்வளவுகளுள் மூன்றாவதே பெரிதும் கருதத்தக்கது. ஒன்றரை அடி என்பது ஒரு முழத்தின் அளவு. அறை ஆவதற்குப் போதாது. ஓவியப் பலகைக்கு மிகும். நிழல் ஒன்று உள்ளே நுழைந்து, வெளியேறும் வழி காணாது தங்குவதற்கு வேண்டிய ஆழம் அதுதான். ஒன்றன்மேலொன்றாகவும் ஒன்றையடுத்து ஒன்றாகவும் அடுக்கிய மரப்பெட்டிகள், முன்பக்கம் திறந்தவை, அளவில் ஒன்றையொன்று ஒவ்வாதவை. ஒவ்வொரு பெட்டியுள்ளும் மேற்சொன்ன துண்டுகள். சிலவற்றில் நெருக்கமாக, சிலவற்றில் ஒன்றிரண்டாக. சில பெட்டிகளை முன்னே ஒரு பலகை பாதி மறைத்து நிற்கும். அனைத்தின்மீதும் பளபளப்பற்ற ஒரே கருநிறம்.

இக்கருநிறத்தைத் துயரத்தின் குறி என்று கொள்வாரும் உளர். அவ்வாறு கொள்வதற்குச் சிற்பத்தில் ஒரு சான்றும் இல்லை. கருநிறம் இங்கே ஆற்றும் தொழில் வேறு. ஒரு பொருளின் நிறம் வெண்மையாக இருப்பின் அதன்மேல் விழும் நிழல் சாம்பல் நிறமாய்த் தனித்துத் தெரியும்; பொருள் இது, நிழல் இது எனக் கண் உடனே பகுத்துவிடும். பொருளே கரியதாயின், ஒளிபட்ட பகுதிக்கும் நிழல்பட்ட பகுதிக்கும் உள்ள தொலைவு மிகவும் குறுகுகின்றது. படிக்கம்பத்தின் கடைசல் விளிம்பில் மட்டும் மெல்லியதோர் ஒளிக்கோடு நிற்கும். அதன் உடல் பின்னுள்ள இருளோடு கலந்துபோம். இந்நிலையில் நிழலுக்கும் விளிம்பு உண்டாகின்றது. மரத்திற்கும் ஆழம் உண்டாகின்றது. நிழல் பொருளின் தன்மையைப் பெறுகின்றது. பொருள் நிழலின் தன்மையைப் பெறுகின்றது. நிழலின் கட்டடக் கலைஞர் என்னும் தொடர் இவ்விடத்தில் அணிநயம் அன்று, செய்முறையின் விளக்கமே.

தமிழில் நிழல் என்னும் சொல் இருளை மட்டும் குறிப்பதில்லை. ஒளி, குளிர்ச்சி, எதிருரு, புகலிடம் என்னும் பொருள்களும் அச்சொல்லிற்கு உண்டு என்பதை அகராதிகள் காட்டும். ஒன்றற்கொன்று மாறுபட்ட இருளும் ஒளியும் ஒரே சொல்லில் அடங்குவது எங்ஙனம் என ஐயுறும் மாணவர்க்கு, மேற்கூறிய கடைசல் விளிம்பின் ஒளிக்கோட்டினை எடுத்துக்காட்டாகக் கூறலாம். இஃது இடையில் தோன்றிய எண்ணம், நிற்க.

இச்சிற்பம் அருவமானது எவ்வாறு என்பதும் ஆராயத்தக்கது. இதில் இடம்பெற்ற துண்டுகள் ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் தெளிந்த உருவும் பயனும் உடையனவாய் இருந்தன. நாற்காலிக்கால் நாற்காலியைத் தாங்கிற்று. கம்பம் படியேறுவார் கைக்குப் பற்றுக்கோடாயிற்று. சிற்பி அவற்றின் உருவைச் சிதைக்கவில்லை. பயனை மட்டும் நீக்கினார். நீக்கியதும் அவரல்லர், நகரமே. உறுப்பின் பெயரைச் சொல்லி முழுப்பொருளை உணர்த்துவதை நம் இலக்கணத்தார் சினையாகுபெயர் என்பர். இங்கே சினை உளது, முதல் இலது. கம்பத்தைக் கண்டு நாம் மாடிப்படியை எண்ணுகின்றோம். எண்ணிய அளவிலேயே அப்படிக்கட்டு எங்கும் இல்லை என்பதையும் உணர்கின்றோம். இவ்விருவகை உணர்வும் ஒருங்கே எழுதலே இச்சுவரின் ஆற்றல். உருவத்தை முற்றத் துறந்து வட்டமும் சதுரமும் ஆகிய வடிவங்களை மட்டும் கொண்டு செய்த அருவச் சிற்பங்கள் பலவற்றில் இவ்வாற்றலைக் காண்டல் அரிது.

இவ்விடத்து ஒரு தடை நிகழ்த்தப்படலாம். இடிக்கப்பட்ட வீடுகளில் வாழ்ந்தவர்களின் பெயரோ முகமோ இச்சிற்பத்தில் இல்லை. எவருடைய நாற்காலி, எவருடைய கட்டில் என்பதைக் கருநிறம் ஒரேயடியாக மூடிவிட்டது. வீடுகளை அடையாளமின்றி ஆக்கிய நகராட்சியின் செயலும், துண்டுகளை அடையாளமின்றி ஆக்கிய சிற்பியின் செயலும் ஒன்றுபோலத் தோன்றவில்லையா என்று கேட்கலாம். இத்தடை புறக்கணிக்கத்தக்கதன்று. மனிதரின் இன்மை இச்சுவரின் குறையே எனக் கொள்ளுதல் வேண்டும். ஆயினும் இரு செயல்களும் ஒன்றல்ல என்பதைக் காட்டும் சான்று அத்தெருவிலேயே எழுந்தது.

கிப்ஸ் பேயில் இடித்த இடத்தில் ஐ. எம். பெய் என்னும் புகழ்வாய்ந்த கட்டடக் கலைஞரின் திட்டப்படி 1960-களின் முற்பாதியில் இரு நெடுங்கட்டடங்கள் எழுந்தன. பூச்சு இல்லாத கற்காரையால் ஆனவை. சாளரங்கள் சுவர்ப்பரப்பினின்று உள்வாங்கி அமைந்துள்ளன. ஆகவே ஒவ்வொரு சாளரமும் ஓர் ஆழமான பெட்டி போல நிழலைத் தன்னுள் ஏந்தி நிற்கின்றது. பெட்டிகளை அடுக்கி நிழலைத் தேக்கிய சுவர் என்னும் அளவில் பெய்யின் முகப்பும் நெவல்சனின் சுவரும் ஒரே இனத்தவை. இவ்வொற்றுமை எண்ணிச் செய்ததன்று. எனினும் திறனாய்வாளனுக்குப் பயன்படுவது. பெய்யின் சுவரில் எல்லாப் பெட்டியும் ஓரளவின. ஒன்றனுள் விழும் நிழலே அடுத்ததனுள்ளும் விழும். நூறு பெட்டிகளைக் கண்டவனும் ஒன்றனைக் கண்டவனும் ஒரே அறிவினர். அவ்வொழுங்கிற்கும் ஓர் அழகு உண்டு. மலிவான குடியிருப்பிற்கு நேர்மையான கற்காரையைத் தந்தார் என்னும் பெருமையும் பெய்க்கு உண்டு. நெவல்சனின் சுவரிலோ ஒரு பெட்டி மற்றொன்றைப் போல் இல்லை. உள்ளிருக்கும் துண்டு வேறாதலால் உள்ளிருக்கும் நிழலும் வேறாகின்றது. பெயர்களை அவர் மூடியது உண்மை, வேறுபாடுகளை மூடவில்லை. வெவ்வேறு மக்கள் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு தச்சரிடம் செய்வித்தவை இவை என்பதை அந்நிழல்களே சொல்லிக் கொண்டிருக்கின்றன. நகரம் அழித்தது அவ்வேறுபாட்டையேயாகும்.

சிற்பம் முதலில் மக்கள் முன் வைக்கப்பட்ட முறையும் கருதற்பாலது. 1958-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நியூயார்க்கில் ‘நிலவுத் தோட்டமும் ஒன்றும்’ எனப் பொருள்படும் பெயரில் அவர் நிகழ்த்திய காட்சியில் இச்சுவர்கள் நாற்புறமும் சூழ வைக்கப்பட்டன. அறையைப் பெரிதும் இருளில் வைத்து, நீலநிறமான மங்கிய ஒளியினைச் சிறிதே பாய்ச்சினார். அப்போது அவருக்கு வயது 58. உள்ளே புகுந்தவர் கண் இருளுக்குப் பழகும் வரையில் ஒன்றையும் காண இயலாது. பழகப் பழகச் சுவர் மெல்லத் தோன்றும். ஆகவே விளக்கும் அவர் ஆக்கத்தின் பகுதியே. இன்று காட்சியகங்கள் பொதுவாகச் சீரான வெள்ளொளியில் இவற்றை நிறுத்துகின்றன. துண்டுகள் இன்னவென எண்ணிக் காண்பதற்கு அவ்வொளி உதவும். நாடகத்தைப் பகலில் ஒப்பனையின்றிப் படித்துக் காட்டுவதற்கு நிகரானது அது. ஒளிப்படமோ இன்னும் ஒருபடி கீழே: அசையும் நிழலை அசையாததாக்கி, சிற்பத்தை மீண்டும் ஓவியமாக்கிவிடுகின்றது. நெவல்சனைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் கணிசமான பகுதி ஒளிப்படத்தைப் பார்த்து எழுதியது போலவே தோன்றுவதற்குக் காரணம் இஃது எனலாம்.

அடுத்த ஆண்டே (1959) நவீனக் கலைக் காட்சியகம் நடத்திய ‘பதினாறு அமெரிக்கர்’ என்னும் காட்சிக்கு, யாவரும் கருநிறத்தையே எதிர்நோக்கியிருக்க, அவர் முழுவதும் வெண்ணிறத்தில் ‘விடியலின் மணவிருந்து’ என்னும் ஓர் அறையை அமைத்தார். தூண்களும் சுவர்களும் கூடிய அவ்வறையினை ஒருசேர வாங்குவார் இன்மையின் அது பிரிந்து, பகுதிகள் பலவிடங்களுக்குச் சென்றன. சில வேறு சிற்பங்களில் கலந்தன. இன்று தனித்தனியே காணும் அவ்வெண்பகுதிகள் கருஞ்சுவரின் ஆழத்தைத் தருவதில்லை. நிழல் அவற்றில் தனியே பிரிந்து நிற்பதே காரணம் என்று முன்னர்க் கூறிய விதியால் முடிவு செய்தல் எளிது. அம்முடிவு எத்துணைப் பொருந்தும் என்பதைப் பின்னர்க் காண்போம். பொன்னிறச் சுவர்களும் 1960-களின் தொடக்கத்தில் வந்தன. பொன்னிறம் ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுகின்றது. நிழலுக்குத் தங்குமிடம் இல்லை. அவை பகட்டானவை, அதற்குமேல் சொல்லுதற்கில்லை.

1964-இல் நாசிகளால் கொல்லப்பட்ட யூதர்களின் நினைவாக ‘அறுபது இலட்சம் பேர்க்கு வணக்கம்’ என்னும் பெருங்கருஞ்சுவரினை அமைத்தார். செய்ம்முறையில் இதற்கும் வானப் பேராலயத்திற்கும் பெரிய வேறுபாடு இல்லை. பெயரே பொருளைத் தருகின்றது. பெயரைக் கேட்டபின் ஒவ்வொரு பெட்டியும் ஒரு பேழையாகத் தோன்றத் தொடங்குகின்றது. நினைவுச் சின்னம் என்னும் வகையில் இஃது உயர்ந்ததே. ஆயின் வானப் பேராலயம் பெயரின் துணையின்றி உணர்த்திய இழப்பினை இது பெயரின் துணையால் உணர்த்துகின்றது என்பதைக் கூறாதிருத்தல் இயலாது.

1969-ஐ ஒட்டி அவர் எஃகிற்கு மாறினார். கார்ட்டென் என்னும் எஃகு மழையிலும் வெயிலிலும் நிற்கவல்லது. ஆகவே சிற்பம் அறையை விட்டுத் தெருவிற்கு வரலாயிற்று. நகரத்தின் துண்டுகளிற் பிறந்த கலை நகரத்திற்கே திரும்பியது என இம்மாற்றத்தைப் பாராட்டுவர். இப்பாராட்டினை ஏற்பதற்கு முன்னர், மன்ஹாட்டனின் தென்முனையில் அவர் பெயரையே தாங்கிய சதுக்கத்தில் 1977-78-இல் நிறுவிய ‘நிழல்களும் கொடிகளும்’ என்னும் தொகுதியை நோக்குதல் வேண்டும். கருநிறம் பூசிய எஃகுச் சிற்பங்கள் ஏழு. கொடிகள்போல் காற்றில் மிதக்கத் தோன்றும்படி அவற்றைத் தூண்கள்மேல் ஏற்றியுள்ளார்.

அவ்விடத்தின் நிழலுக்கு ஒரு வரலாறு உண்டு. சதுக்கத்தினின்று இரண்டொரு தெரு தள்ளி பிராட்வேயில் ஈக்குவிட்டபிள் கட்டடம் நிற்கின்றது. 1915-இல் முடிந்த அது, தெருவின் விளிம்பிலிருந்து சிறிதும் பின்வாங்காமல் 538 அடி உயரம் நேரே எழுந்தது. அதன் நிழல் ஏறத்தாழ 7 ஏக்கர் பரப்பினை மூடிற்று என்பர். அக்கம்பக்கத்துக் கட்டடங்கள் வெளிச்சமும் வாடகையும் இழந்தன. இத்தகைய கட்டடங்களால் எழுந்த குறைபாட்டின் விளைவாக 1916-இல் நியூயார்க் நகரம் ஒரு சட்டம் இயற்றிற்று. உயரம் கூடக் கூடக் கட்டடம் படிப்படியாக உள்ளொடுங்குதல் வேண்டும் என்பது அதன் கூறு. அந்நகரத்து வானளாவிகள் பல படிக்கோபுரங்களாய்த் தோன்றுவதற்கு இச்சட்டமே காரணம். நிழலானது சட்டத்தின் கையால் கட்டடத்தைச் செதுக்கிய நகரம் அது. நிழலின் கட்டடக் கலைஞருக்கு இதனினும் ஏற்ற இடம் வாய்த்தல் அரிது.

எனினும் சிற்பங்கள் அவ்விடத்தில் தோற்றன என்றே கூறவேண்டியுள்ளது. தூண்மேல் ஏறிய எஃகுத் தகடு தன் நிழலைத் தரையில் வீழ்த்துகின்றது. நிழல் சிற்பத்தினுள் தங்கவில்லை. வழிப்போக்கர் காலடிக்குச் சென்றுவிட்டது. சுற்றியுள்ள கட்டடங்களின் பெருநிழல் சதுக்கத்தை மூடும்போதோ அச்சிறு நிழலும் அதனுள் மறைகின்றது. எஞ்சுவது வானத்தின் எதிரே ஒரு கரிய வெட்டுருவம். வெட்டுருவத்திற்கு விளிம்பு உண்டு, ஆழம் இல்லை. கருஞ்சுவரில் விளிம்பும் ஆழமும் ஒன்றையொன்று ஊட்டி வளர்த்தன என்று கண்டோம். இங்கே ஒன்று இறந்தது. எஃகின் குற்றம் இஃதன்று. கருநிறத்தின் குற்றமும் அன்று. ஒன்றரை அடி ஆழமுடைய பெட்டி இல்லாமையே குறை. ஏழு சிற்பங்களையும் நகரத்தின் அழகிற்குச் செய்த தொண்டு என வரவேற்கலாம். அவருடைய சிறந்த ஆக்கங்களின் வரிசையில் வைத்தல் இயலாது.

இதே 1977-இல் அதே நகரில் அவர் முடித்த மற்றொரு பணி இம்முடிபிற்கு உரைகல்லாகின்றது. மன்ஹாட்டனின் நடுப்பகுதியில் சிட்டிகார்ப் என அந்நாளில் வழங்கிய வானளாவியின் அடியில் புனித பேதுரு லூத்தரன் திருச்சபையின் கோயில் உள்ளது. அதனுள் ‘நல்ல மேய்ப்பர்’ பெயரிய சிறு வழிபாட்டறை முழுவதையும் நெவல்சன் அமைத்தார். சுவர் வெண்மை, சுவரில் பதித்த மரப் புடைசிற்பங்களும் வெண்மை, சிலுவையில் மட்டும் சிறிது பொன். வெண்ணிறத்தில் நிழல் பிரிந்துவிடும் என்னும் விதி செல்லுமாயின் இவ்வறை ஆழமற்றதாய்த் தோன்றுதல் வேண்டும். அவ்வாறு தோன்றவில்லை. ஏனெனில் இங்கே நிழல் பிரிந்தாலும் வெளியேறிச் செல்ல வழியில்லை. ஒரு சுவரிற் பிரிந்த சாம்பல் நிழல் எதிர்ச்சுவரின் நிழலுக்கு விடையாக நிற்கின்றது, இருப்பவர் அவற்றின் நடுவே அமர்ந்திருக்கின்றார். முன்பு பெட்டியினுள் மரத்துண்டு இருந்த இடத்தில் இப்போது மனிதர் இருக்கின்றனர். ஆகவே நெவல்சனின் நிழலைக் காத்தது நிறமெனக் கொள்ளற்க, அடைப்பே காத்தது. 1959-இன் வெண்ணறை தனித்தனிப் பகுதிகளாகப் பிரிந்தபோது இழந்தது இவ்வடைப்பினைத்தான். வெண்மையால் வந்த குறை என நாம் மேலே ஐயுற்றது, பிரிவினால் வந்த குறையேயாம்.